பின் சீட்டில் பெட்ரோல் வாடை

வண்டிக்குள் எரிபொருள் வாடை தெரிந்தால் ஓட்டுநர் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்ளே இருப்பவர்களை இறக்கிவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பழுது பார்த்து முடியும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. எங்கள் காரோடு வந்த கையேட்டில் இது கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கிறது. நல்ல விதி. அதை எழுதியவருக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று காலை மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வேலை இருந்திருக்காது என்பதைத் தவிர, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் ஆவடியில் ஓர் அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். யாராவது ஏதாவது செய்ய விரும்பினால், அதை ஏன் செய்யக் கூடாது என்பதற்கான விதியை எடுத்துக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு கோப்புகள் இல்லாததால் கையேடுகளைப் படிக்கத் தொடங்கினேன். இன்வெர்ட்டருக்கு ஒன்று, சலவை இயந்திரத்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று. என் மனைவி அதை வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வியாதி அவளுக்கு வந்தது.

இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தியது இந்த வருடத் தொடக்கத்தில். எங்கள் வீடு திருநின்றவூரில், ஏரிக்கு அந்தப் பக்கம். மனை விலை குறைவு என்று எல்லோரையும் போல நாங்களும் அங்கே போய்க் கட்டினோம். டயாலிசிஸ் மையம் அம்பத்தூரில். போகும்போது ரயிலில்கூடப் போய்விடலாம். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்து எழுந்த பிறகு, ஸ்டேஷன் படி ஏறும் அளவுக்கு அவளிடம் ரத்த அழுத்தம் மிச்சம் இருக்காது. அதனால் கார். அவள் பின் சீட்டில் சாய்ந்து படுத்துக்கொள்வாள். நான் நெமிலிச்சேரி, பட்டாபிராம், ஆவடி என்று நெடுஞ்சாலையின் பள்ளங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு ஓட்டுவேன். ஒரு முறை தவறவிட்டால் உடம்பில் நீர் சேரும், தொடர்ந்து தவறவிட்டால் நுரையீரலில் சேரும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார், அவளை அல்ல. கார் ஓட்டுகிறவனின் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் மாதம் முடிந்து, ஓய்வூதியம் வந்த மறுநாள். செவ்வாய்க்கிழமை. தெரு முனை தாண்டியதும் அவள் சொன்னாள்.

"என்னங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

எனக்குத் தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரிவதில்லை. கொரோனா காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் மூக்கு பாதிச் சம்பளத்தில் வேலை செய்கிறது. பெருங்காய டப்பாவைத் திறந்து கிட்டே பிடித்தால் ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரியும். முன்னால் ஒரு டேங்கர் லாரி போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். லாரி திரும்பிப் போய்விட்டது. அவள் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். வெளியிலிருந்து புழுதியும் டீசல் புகையும் வந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் தேவலை என்று நான் நினைத்திருப்பேன். பட்டாபிராமில் ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள். டயாலிசிஸ் நோயாளிக்கு நாள் முழுக்கக் குடிக்க அளந்து கொடுத்த தண்ணீர்தான். வாந்தி எடுத்த பிறகு வாய் கொப்பளித்தாலும், விழுங்காமல் துப்ப வேண்டும் என்று எச்சரிக்கையாக இருப்பாள். சாலை ஓரத்தில் குனிந்து நின்றபடி அவள் அதைச் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மூன்று பயணமும் அப்படித்தான்.

எங்கள் தெருவில் ஆளுக்கொரு மருந்து வைத்திருந்தார்கள். காபித்தூளைக் கிண்ணத்தில் போட்டு சீட்டுக்கு அடியில் வை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி வை. அடுப்புக்கரி வை. சமையல் சோடாவைத் தரைவிரிப்பில் தூவி ஒரு நாள் விட்டுத் துடை. எதிர்வீட்டு அம்மாள் சாம்பிராணி போடச் சொன்னார். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் தணல் காட்டினால் வாடை போவதோடு கார், போர்ட்டிகோ, ஒருவேளை எதிர்வீடும் சேர்ந்து போகும் என்று விளக்கினேன். அவர் வருத்தப்பட்டார். மற்றவற்றை எல்லாம் செய்தேன். கதவுகளைத் திறந்துபோட்டு வெயிலில் நிறுத்தினேன். தரைவிரிப்பைக் கழுவிக் காயவைத்தேன். கடைசியாக, ஏ.சி. துவாரத்தில் மாட்டும் வாசனை டப்பா ஒன்றை, மல்லிகை என்று எழுதியிருந்ததை, வாங்கி மாட்டினேன். அன்றைக்குத்தான் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

"கல்யாண மண்டபத்துல வச்சி லாரிக்கு டீசல் போட்ட மாதிரி இருக்கு. அதைப் பிடுங்கி வெளிய போடுங்க" என்றாள்.

சேவை மையத்துக்குத் தொலைபேசினேன். கையேடு உடனே என்று சொல்கிறது. சேவை மையம் பத்து நாள் கழித்து ஒரு காலை நேரம் ஒதுக்கியது. அதற்குள் வாடை எப்படியோ குறைந்துகொண்டே வந்து, நான் வண்டியை அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து மையத்தில் விட்ட அன்று இல்லாமலே போயிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஆலோசகர் பையன் நான்கு கதவையும் திறந்து தலையை உள்ளே விட்டு மூக்கை உறிஞ்சினான். வெளியே வந்து, ஒன்றும் இல்லை சார் என்றான். இருந்தது என்றேன். நீங்கள் முகர்ந்தீர்களா என்று கேட்டான். நியாயமான கேள்வி. என் மனைவி முகர்ந்தாள் என்றேன். அவளுக்கு உடம்பு எப்படி என்று மரியாதையாகக் கேட்டான். நானும் மரியாதையாகச் சொன்னேன். அவன் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. வேலை அட்டையில் எழுதத் தொடங்கினான். சாயங்காலம் வண்டியை உள்பக்கம் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். அட்டையில், பழுது காணப்படவில்லை, வாடிக்கையாளர் தரப்பின் உணர்வு என்று இருந்தது.

நான் ஆயுள் முழுக்க அப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதியவன். அதன் வேலைப்பாட்டை ரசிக்க முடிந்தது. புகார் செய்தவரையும் பொய்யர் என்று சொல்லவில்லை, புகாரையும் ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து கார் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். மின்னஞ்சலுக்கு உடனே ஒரு தானியங்கி நன்றி வந்தது. தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. முறைப்படி ஒரு நினைவூட்டல், அதற்குப் பின் இன்னொன்று.

இதற்கிடையே மாதாந்திரப் பரிசோதனையில் நான் மருத்துவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். இந்த நோயில் நாக்கின் ருசியும் மூக்கின் வாசனையும் மாறுவதுண்டு, இல்லாத வாடைகூடத் தெரியலாம் என்றார். பொதுவாகத்தான் சொன்னார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில் ஆவடி சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"அப்போ நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்க."

கேள்வியாக இல்லை. வாடை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. உண்மை அந்த இடத்துக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் வாடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வாடையும் அந்த வாரம் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பேச்சு நின்றதை மட்டும் கவனித்தேன்.

செப்டம்பர் மாத ஓய்வூதியம் வந்தது. நான் வழக்கம்போல வங்கிக்குப் போய், காய்கறி வாங்கி, பெட்ரோல் போட்டு, காற்று பார்த்து வந்தேன். மறுநாள் வியாழக்கிழமை, பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள். போகும்போது இரண்டு முறை, வரும்போது ஒரு முறை நிறுத்தினேன். சனிக்கிழமை காலை கிளம்பும் நேரத்துக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், பழைய சேலையில்.

"நான் வரலை."

மையத்தில் நமக்கு ஒதுக்கிய நேரம் இது, இன்றைக்கு விட்டால் செவ்வாய்தான் என்றேன். தெரியும் என்றாள். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிடுகிறேன் என்றேன். முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நீ முன் சீட்டில் உட்கார் என்றேன்.

"இல்லாத நாத்தத்துக்கு எதுக்குங்க இவ்ளோ ஏற்பாடு? என் மூக்கே பொய்யாப் போயிடுச்சுன்னா, ரத்தத்தை மட்டும் சுத்தம் பண்ணி என்ன செய்யப் போறேன்?"

அதற்கு விதி எதுவும் இல்லை. நான் காரைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஞாயிறு மாலைக்குள் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் எழாமல் நின்றது. திங்கள் காலை நான்கு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. மையத்தைக் கெஞ்சி மதியத்துக்கு ஓர் இடம் வாங்கினேன். செயலியில் கார் அழைத்தேன். ஏற்றுக்கொண்ட ஓட்டுநர்கள் திருநின்றவூர் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக ரத்து செய்தார்கள். கடைசியில் ஸ்டேஷன் வாசலிலிருந்து ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தேன். ஆட்டோக்காரர் அவளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். குறைத்த வேகத்திலும் அது ஆட்டோதான்.

"இன்னா சார் பண்றது, நான் பாத்துத்தான் ஓட்டிக்கினு போறேன். ரோடு பாக்கணுமே" என்றார். அவர் மேல் தப்பில்லை.

திரும்பி வரும்போது திருமுல்லைவாயில் அருகே அவள் என் தோளில் சரிந்தாள். கண் திறந்திருந்தது, பதில் இல்லை. ஆட்டோவை ஒரு மருந்துக்கடை முன்னால் நிறுத்தி, சீட்டில் படுக்கவைத்து, காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். ரத்த அழுத்தம் இறங்கினால் அப்படிச் செய்ய வேண்டும் என்று மையத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேசினாள். ஆட்டோ சரிப்படாது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. படுத்துக்கொண்டு போக அவளுக்கு அந்தப் பின் சீட்டு வேண்டும். அந்தப் பின் சீட்டில்தான் அவளால் இருக்க முடியவில்லை.

மறுநாள் செவ்வாய். பிடிவாதத்தை விட்டு, துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு காரில் வந்தாள். டயாலிசிஸ் மையத்தில் வேலை செய்யும் ஒருவர் மண்ணூர்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொல்லியிருந்தார். பூந்தமல்லியிலிருந்து தினமும் வந்து கடை திறப்பவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளை இறக்கிவிடும் முன்பே அங்கே போனோம், அவள் பின் சீட்டில் இருக்கும்போதே. பாய் கதவைத் திறந்து, குனிந்து, நின்றார்.

"லைட்டா அடிக்குது சார். அம்மா சொல்றது கரீட்டுதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை முகத்திலிருந்து இறக்கியிருந்தாள்.

"அவரை அதை எழுத்துல தரச் சொல்லுங்க" என்றாள். "கையெழுத்து, முத்திரையோட."

பாய்க்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்திருந்தாள். எனக்குச் சட்டென்று உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வண்டியைப் பற்றிப் பேசினேன்.

வண்டியை அங்கே விட்டுவிட்டு ஆட்டோவில் மையத்துக்குக் கொஞ்ச தூரம்தான். பாய் முதலில் எலியைச் சந்தேகித்தார். எங்கள் பக்கம் வயல் எலி அதிகம், பெட்ரோல் குழாயைக் கடிக்கும் என்றார். கடித்த தடயம் இல்லை. பின் சீட்டைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் மூடியைத் திறந்து, ரப்பர் வளையம் காய்ந்திருக்கிறது என்று மாற்றினார். இனிமேல் வராது சார் என்றார். உறுதியாகச் சொன்னார். உண்மையிலேயே வாடை அடுத்த சில நாட்களில் குறைந்தது, பிறகு நின்றது. அந்த மாதம் மீதி நாட்கள் அவள் ஒரு பயணமும் தவறவிடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு நான் மூன்றாவது நினைவூட்டலை அனுப்பினேன். பழுது நீங்குவது வேறு, புகாருக்குப் பதில் வருவது வேறு. அவள் அதைக் கேட்டு, உங்களுக்கு வேற வேலை இல்லை என்றாள். அது சரிதான், வேறு வேலை இல்லை.

அடுத்த மாதம் ஓய்வூதியம் வந்த அன்று நல்ல மழை. வெளியே போகவில்லை. மறுநாள் சனிக்கிழமை, மையத்துக்குப் போகிற வழியிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்று ஆவடி தாண்டி ஒரு பங்க்கில் நுழைந்தேன். அவள் பின் சீட்டில் இருந்தாள். காரில் அவள் இருக்கும்போது நான் பெட்ரோல் போட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் முறை. ஓய்வூதியம் வந்தால் டேங்க் நிரப்புவது என் தனி வேலை. அவளைக் காத்திருக்க வைப்பதில்லை.

சீருடை போட்ட பெண் குழாயைச் செருகினாள். எண்கள் ஓடின. டக் என்று தானாக நின்றது. அந்தப் பெண் மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரவுண்ட் பண்ணிடட்டுமா சார்?"

நான் தலையாட்டினேன். இங்கே யாரும் இதற்கு வேறு பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. டேங்க் நிறைந்ததும் குழாய் நின்றுவிடும். மீட்டரில் ஏதோ உடைந்த தொகை காட்டும். அதை அடுத்த முழு நூறுக்குக் கொண்டுபோக, குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்து, சொட்டுச் சொட்டாக மறுபடி மறுபடி அழுத்துவார்கள். டக். மறுபடி. டக். வாய் வரை பெட்ரோல் வந்து பளபளக்கும். எண் சரியாக முழுதாகும்போது போடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரு நிம்மதி. கையில் சில்லறை இல்லாத காலத்தில் வந்த பழக்கம். இப்போது எல்லோரும் கைபேசியில் பைசா வரை செலுத்துகிறார்கள்; பழக்கம் மட்டும் போகவில்லை. முழு எண்களில் கணக்கை முடிப்பது எனக்கு உத்தியோகத்திலிருந்தே பிடிக்கும்.

பங்க்கை விட்டு வெளியே வந்து சாலையில் சேர்ந்தேன். அடுத்த சிக்னலுக்குள் பின்னாலிருந்து கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு" என்றாள்.

பாயின் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொண்டேன். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு வாந்தி வரப்போகிறது என்று ஓரம் கட்ட இடம் தேடினேன்.

"ஓட்டுங்க. ஒன்னு கேக்கறேன். அதுவா நின்னதுக்கு அப்புறமும் அந்தப் பொண்ணு ஏன் ஊத்துச்சு?"

சொன்னேன்.

"ஒவ்வொரு மாசமும் இப்படித்தானா?"

ஒவ்வொரு மாதமும், எல்லோரும், எல்லா பங்க்கிலும் என்றேன்.

அவள் சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்ததால் தெரியவில்லை.

"எனக்கு அளவுக்கு மேல ஒரு டம்ளர் தண்ணி போச்சுன்னா மூச்சு வாங்குது. அது எங்கியாவது போய்ச் சேந்துதானே ஆகணும்? காலுக்குப் போவுது, நெஞ்சுக்குப் போவுது. இந்தக் காருக்கு மட்டும் போவாதா?"

அவளை மையத்தில் சேர்த்துவிட்டு, காத்திருக்கும் கூடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து கையேட்டைத் திறந்தேன். வாடை பற்றிய பக்கத்தை நான் பலமுறை படித்திருந்தேன். எரிபொருள் நிரப்பும் பக்கத்தைப் படிக்கவில்லை. பெட்ரோல் போடத் தெரியாதவன் யார் என்று அதைத் தாண்டிப் போயிருக்கிறேன் போலிருக்கிறது. அதில் இருந்தது: முதல் முறை தானாக நின்ற பிறகு நிரப்பக் கூடாது, டேங்க்கில் ஆவிக்கு விட்ட இடத்தில் திரவம் புகுந்தால், ஆவியைப் பிடித்துவைக்கும் கரி நிரப்பிய டப்பா நனைந்து கெட்டுவிடும், வாடை வரலாம். கட்டம் கட்டி, எச்சரிக்கைக் குறியோடு. நான்கு மணி நேரம் இருந்தது. மேலும் இரண்டு முறை படித்தேன்.

ஏன் முதல் பாதி மாதம் மட்டும், ஏன் சேவை மையத்துக்குப் போன அன்று இல்லை என்பதெல்லாம் அதற்குப் பின் தானாகவே வரிசையில் வந்து நின்றன. டேங்க் இறங்க இறங்க வாடை இறங்கியிருக்கிறது. அவர்கள் கொடுத்த பத்து நாள் தவணையில் சாட்சி ஆவியாகிப் போயிருக்கிறது. இத்தனை வருடம் வராத வாடை ஏன் இப்போது என்றால், வருடக்கணக்காக நனைந்து அந்தக் கரி இப்போதுதான் முழுசாகக் கைவிட்டிருக்கிறது. பின் சீட்டில் ஆள் படுக்க ஆரம்பித்ததும் இந்த வருடம்தான்.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அப்பிடியும் கீதுதான் சார். ஆனா பங்க்குல எல்லாருந்தானே ரவுண்ட் பண்ணிக்கினு கீறாங்கோ. நானே அப்பிடித்தான் போடறேன்" என்றார். வண்டியைத் தூக்கிப் பார்த்து, டேங்க்கின் பக்கத்தில் இருந்த கரி டப்பாவைக் கழற்றினார். அது ஈரமாக இருந்தது. என் மூக்கருகே நீட்டினார். எனக்கும்கூட ஏதோ தெரிந்தது. அதை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கடைக்கு வெளியே வைத்துவிட்டு, புதியது வரவழைத்துப் பொருத்தினார். தேவைக்கு மேல் இருந்த பெட்ரோலை டேங்க்கிலிருந்து இறக்கினார். பின் சீட்டு, தரைவிரிப்பு எல்லாம் கழற்றி இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும் என்று சொன்னார். வெயில் அடிக்காத மாதம். அடித்த போதெல்லாம் காட்டினேன். திருநின்றவூர் வீட்டு மொட்டைமாடியில் காரின் பின் சீட்டு ஒரு வாரம் கிடந்தது. மழை வந்தால் நான் மேலே ஓடுவேன். தெருவில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் அவள் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போய் வந்தாள்.

சீட்டைத் திரும்பப் பொருத்திய அன்று அவள்தான் சோதித்தாள். எனக்கு மூக்கு இல்லை, சேவை மையத்துக்கு நம்பிக்கை இல்லை. அவள் பின் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றச் சொல்லிவிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்தாள். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

"சமையல் சோடா வாசனை வருது. பரவாயில்லை, அது நீங்க பண்ணது."

பெட்ரோல் போடுவது இப்போது தனிக் காரியம். குழாய் நின்றதும் எடுத்துவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன். முன்பு ரவுண்ட் பண்ணிய அதே பெண், ஏன் அங்கிள், இன்னும் கொஞ்சம் போகுமே என்று உண்மையான அக்கறையோடு கேட்கிறாள். விதியைச் சொன்னேன். பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடித்தார். இப்போது விதியைச் சொல்வதில்லை. போதும்மா என்று மட்டும் சொல்கிறேன். உடைந்த தொகையைச் செலுத்தும்போது இன்னமும் எனக்கு ஏதோ பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது.

அவள் அதற்குப் பிறகு ஒரு பயணமும் தவறவிடவில்லை. நன்றாகிவிட்டாள் என்று அர்த்தமில்லை. இந்த வியாதியில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. நேரத்துக்குப் போகிறோம், நேரத்துக்கு வருகிறோம். அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

தலைமை அலுவலகத்தின் பதில் வந்தபோது அவள் இயந்திரத்தில் இருந்தாள். கைபேசியில் பார்த்தேன். மதிப்புக்குரிய வாடிக்கையாளரே என்று தொடங்கி, தங்கள் வாகனத்தைச் சேவை மையம் முழுமையாகப் பரிசோதித்ததாகவும், உற்பத்திக் குறை எதுவும் இல்லை என்றும், தங்கள் திருப்தியோடு புகார் முடித்துவைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். கீழே ஐந்து நட்சத்திரங்கள்; எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று. உள்ளே போய் அவளிடம் படித்துக் காட்டினேன். நான் மறுப்பு எழுதப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். திருப்தி என்ற சொல்லை எங்கே பிடிக்கலாம் என்று அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அவள் ஊசி ஏற்றாத கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். கட்டை விரலால் மூன்று நட்சத்திரத்தை அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எதுக்கு மூணு?" என்றேன்.

"பதில் போட்டாங்கல்ல. விடுங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

அது கார்த்திகை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை.